வெள்ளை விரிப்பில் விடுபட்ட பங்கு

திறனாய்வு என்பது நூல்களுக்கு மட்டுமே உரியது என்று விதி ஏதும் இல்லை. ஒரு சமூகம் எதனை உண்கிறது, அதனை எவ்வாறு சமைக்கிறது, யாருக்கு முதலில் பரிமாறுகிறது, உண்ணும்போது தன்னைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறது என்பனவும் எழுத்தைப் போலவே படித்துப் பொருள் காணத் தக்கவை. விருந்து மேசையும் சிலவற்றைச் சொல்கிறது. சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறது. சொன்னதைப் பாராட்டுவதும் விட்டதைச் சுட்டுவதும் திறனாய்வாளனின் கடமை. அந்த எண்ணத்துடனேயே, அர்ஜென்டினாவின் தலைநகராகிய பூனஸ் அயர்ஸில் நாம் அமர்ந்திருந்த ஒரு மேசையைப் பற்றியும், அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இரண்டு நூல்களைப் பற்றியும் ஈண்டு எழுத முற்படுகிறோம்.

அந்நாட்டு மக்களுக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவை வாசகர்கள் ஓரளவு கேள்விப்பட்டிருப்பர். 'பாம்பா' எனப்படும் பரந்த புல்வெளியில் ஸ்பானியர் கொண்டுவந்து விட்ட கால்நடைகள் பல்கிப் பெருகின. தொடக்கத்தில் தோலுக்காகவும் கொழுப்புக்காகவுமே அவை கொல்லப்பட்டன. இறைச்சியின் பெரும்பகுதி பறவைக்கும் நாய்க்கும் விடப்பட்டது. பின்னர், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி பிரேசிலிலும் கியூபாவிலும் இருந்த அடிமைகளின் உணவாகக் கப்பலேறியது. 1876-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து பூனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்த 'லெ ஃப்ரிகொரிஃபிக்' என்னும் கப்பல், குளிரூட்டிய இறைச்சியைக் கடல் கடந்து கொண்டுசெல்ல முடியும் என்று காட்டியது. அதன் பின்னரே அர்ஜென்டின இறைச்சி ஆங்கிலேயரின் மேசைக்குச் சென்றது. புல்வெளியைத் தமதாக்கிக்கொண்டவர்கள் பெருஞ்செல்வர் ஆயினர். ஆகவே அந்நாட்டில் ஒரு தட்டு இறைச்சி என்பது உணவு மட்டுமன்று. ஒரு நாட்டின் வரலாறு முழுவதும் அத்தட்டில் அடங்கியிருக்கிறது.

நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கு அங்கே 'அசாதோ' என்று பெயர். அதனை உண்ணக் கூடும் கூட்டத்திற்கும் அதே பெயர்தான். வாட்டும் இரும்புச் சட்டத்திற்கு அந்நகரத்து உச்சரிப்பில் 'பரிஷா' என்று பெயர். அச்சட்டத்தை வைத்து நடத்தும் உணவகமும் பரிஷாவே. தெருவோரத்தில் பலகை மேசையோடு நடப்பதும் பரிஷா. வெள்ளை விரிப்பும் பளிங்குக் குவளையும் உள்ள மாளிகையும் பரிஷா. 2023-ஆம் ஆண்டில் மிஷெலின் வழிகாட்டி முதன்முறையாக அந்நாட்டு உணவகங்களை மதிப்பிட்டபோது, தலைநகரின் பரிஷா ஒன்றும் விண்மீன் பெற்றது. நாம் சென்ற உணவகம் அதுவன்று; ஆயினும் அத்தகைய தரத்தை நாடி நடத்தப்படுவது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கூறப்போகும் குறை ஒரு கடையின் குறையன்று.

நம்மை அழைத்துச் சென்றவர் இலக்கிய ஆசிரியர். சிரியாவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் தலைச்சுமை வணிகரின் பேரர். உதுமானியப் பேரரசின் ஆவணங்களோடு வந்திறங்கிய அரபு மக்கள் அனைவரையும், அவர்கள் முஸ்லிமாயினும் கிறிஸ்தவராயினும் யூதராயினும், அந்நாட்டார் 'துர்க்கோ' என்றே அழைத்தனர். இதனை அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, துருக்கியை ஒருபோதும் கண்டிராத நம் முன்னோர்க்கும் இங்கே அப்படியொரு பெயர் வழங்கிவந்ததை நாமும் சொன்னோம். இருவரும் சிரித்தோம்.

உணவகம் பலெர்மோ என்னும் பகுதியில் உள்ளது. அன்று வெள்ளிக்கிழமை. அப்பகுதியிலேயே, 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பள்ளியில் தொழுதுவிட்டு வந்திருந்தோம். கால்நடைச் செல்வர்களின் சங்கம் ஆண்டுதோறும் பரிசு பெற்ற காளைகளை ஊர்வலமாக நடத்தும் கண்காட்சித் திடலும் பலெர்மோவில்தான் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூனஸ் அயர்ஸைத் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த ஹுவான் மனுவேல் தெ ரோசாஸின் மாளிகை இருந்ததும் பலெர்மோவே. 1899-ஆம் ஆண்டில் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். இவற்றை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. நாம் பேச எடுத்துக்கொண்ட முதல் நூலில் அந்த ரோசாஸ் வருகிறார்.

இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அந்நகரத்தார் உண்ண அமர்கின்றனர். நண்பருடன் பணிபுரியும் இருவர் நம்மோடு இருந்தனர். எமது நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அக்கடையின் இறைச்சி மார்க்க முறைப்படி அறுக்கப்பட்டதன்று. ஆகவே நண்பரும் நாமும் கீரைக் கலவையும், பூண்டும் பார்சிலித் தழையும் தூவிய உருளைக்கிழங்கு வறுவலும், ரொட்டியும் பெற்றுக்கொண்டோம். மற்ற இருவரும் இறைச்சி உண்டனர். உண்ணாதவன் உணவைப் பற்றி எழுதலாமா என்று கேட்போர் இருக்கலாம். சுவையைப் பற்றி எழுத அவனுக்கு உரிமையில்லை என்பது மெய்யே. ஆனால், தட்டில் கண் வைத்தவன் காணாத சிலவற்றைத் தட்டு காலியாக இருப்பவன் காணக்கூடும். சுவையைப் பற்றிப் பேசவும் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்கு வாய்த்தது. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். அந்த அடுப்பை நெடுநேரம் நின்று பார்த்தோம். ஒரு பக்கத்தில் இரும்புக் கூடையில் கடுமரத்துண்டுகள் எரிகின்றன. அவை எரிந்து கனிந்து தணலாக உதிர்ந்ததும், நீண்ட துரட்டியால் அத்தணலை இழுத்துச் சட்டத்தின் அடியில் பரப்புகின்றனர். இறைச்சி சுவாலையைக் காண்பதே இல்லை. தணலின் வெப்பத்தை மட்டுமே அறிகிறது. சட்டத்தின் கம்பிகள் தட்டையானவையல்ல. சிறு வாய்க்கால் போல் குழிந்தவை. உருகும் கொழுப்பு அவ்வாய்க்கால் வழியே முன்புறத் தொட்டிக்கு வழிகிறது. தணலில் சொட்டிப் புகையெழுப்புவதில்லை. சக்கரத்தைத் திருகிச் சட்டத்தை உயர்த்துகின்றனர், தாழ்த்துகின்றனர். மசாலை என்று ஏதும் இல்லை, கல்லுப்பு மட்டுமே. பார்சிலித் தழை, பூண்டு, மிளகாய்த்தூள், காடி, எண்ணெய் சேர்ந்த 'சிமிச்சுர்ரி' என்னும் தொகையல் தனியே வருகிறது. அதுவும் வேண்டுவோர்க்கு மட்டுமே.

அடுப்படியில் நின்றவரை 'அசாதோர்' என்பர். நடுவயதினர், எவரிடமும் பேசவில்லை. கையை இறைச்சிக்கு மேலே சிறிது நேரம் நிறுத்தி வெப்பம் அறிந்தார். ஒரே ஒருமுறைதான் துண்டைப் புரட்டினார். எளிமையில் எட்டக்கூடிய தேர்ச்சியை அவர் எட்டியிருந்தார். நல்ல உரைநடையை எழுதுவோர் அவரிடம் கற்க வேண்டியது உண்டு. குறை அவரிடத்தில் இல்லை.

குறை உணவுப் பட்டியலில் தொடங்கியது. அழகிய தோலட்டையிட்ட அப்பட்டியலில் ஒவ்வோர் இறைச்சித் துண்டுக்கும் ஒரு வரலாறு அச்சிடப்பட்டிருந்தது. மாட்டின் இனம், மேய்ந்த புல், பக்குவப்படுத்திய நாள்கள் எல்லாம் இருந்தன. முதற்பக்கத்தில் குதிரைமேல் ஒரு கவுச்சோவின் சித்திரம். கவுச்சோ என்பவர் புல்வெளியில் மாடு மேய்த்துத் திரிந்த குதிரைவீரர். செவிக்கு நம் 'கவுச்சி'யைப் போல ஒலித்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. அடுத்த பக்கத்தில் 'அச்சூராஸ்' என்ற தலைப்பில், ஈரல், குண்டிக்காய், குடல் முதலிய உள்ளுறுப்பு வகைகள். அவற்றுள் முதன்மையானது 'மொஷேஹா'. கன்றின் கழுத்தருகே உள்ள மென்மையான சுரப்பி அது. அதன் விலை முதல்தரத் தொடைக்கறியின் விலையை நெருங்கி நின்றது. பரிமாறுபவர் அதனைக் கொண்டுவந்து வைத்தபோது, ஒரு காலத்தில் இது வேண்டாமென்று எறியப்பட்டது என்று பெருமிதத்தோடு சொன்னார். எறிந்தவர் யார், எடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. பட்டியலும் சொல்லவில்லை.

அதனைச் சொல்லும் நூல் ஒன்று உண்டு. எஸ்தேபான் எச்செவெரியா எழுதிய 'எல் மத்தாதேரோ' அது. கொலைக்களம் என்பது பொருள். 1838-க்கும் 1840-க்கும் இடையே எழுதப்பட்டதாகக் கொள்கின்றனர். ரோசாஸின் ஆட்சியில் அதனை வெளியிடுவது உயிருக்கு உலை. ஆசிரியர் நாடு கடந்து மான்டிவிடியோவில் வாழ்ந்து 1851-இல் மறைந்தார். நூல் 1871-இல்தான் அச்சேறியது. அர்ஜென்டினச் சிறுகதையின் தொடக்கம் என்று பலராலும் போற்றப்படுவது.

கதை சுருக்கமானது. கிறிஸ்தவர்களின் நோன்புக் காலம். பெருமழையால் வெள்ளம் சூழ்ந்து நகருக்கு மாடு வரவில்லை. மக்கள் இறைச்சியின்றித் தவிக்கின்றனர். கடைசியில் ஐம்பது மாடுகள் நகரின் தென்புறக் கொலைக்களத்திற்கு வந்து சேர்கின்றன. முதல் மாடு முழுதாக ரோசாஸுக்குக் காணிக்கையாகச் செல்கிறது. மீதியை அறுக்கின்றனர். ஒரு காளை கட்டறுத்து ஓடுகிறது. அறுந்த கயிறு ஒரு சிறுவனின் தலையைக் கொய்கிறது. காளையைப் பிடித்துக் கொன்ற பின், அவ்வழியே குதிரையில் வரும் எதிர்க்கட்சி இளைஞன் ஒருவனை அக்கூட்டம் பிடித்திழுக்கிறது. ஆடை களைந்து அடிக்க முற்படும்போது, அவமானம் பொறாத சினத்தால் குருதி கக்கி அவன் மடிகிறான். மாட்டைக் கொல்லும் களமும் மனிதனைக் கொல்லும் ஆட்சியும் ஒன்றே என்பது ஆசிரியர் கருத்து.

கொடுங்கோன்மையைச் சாடிய எழுத்துகளுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காமல், சேற்றையும் குருதியையும் கூச்சலையும் அப்படியே எழுதிய துணிவு அக்காலத்தில் அரிது. ஆனால் நூலில் ஓர் இடம் நம்மை நிறுத்துகிறது. களத்தைச் சுற்றிக் கறுப்பினப் பெண்கள் கூட்டமாக நிற்கின்றனர். அறுப்போர் வேண்டாமென்று எறியும் குடலையும் கொழுப்பையும் சேற்றிலிருந்து பொறுக்கிச் செல்வதே அவர்கள் பிழைப்பு. 'அச்சூரா' பொறுக்குவோர் என்பதே அவர்கள் பெயர். சிறுவர்கள் அவர்கள்மீது குடலை உருட்டி எறிந்து விளையாடுகின்றனர். ஆசிரியர் அப்பெண்களைப் பழங்கதைகளில் வரும் பேய்ப்பறவைகளுக்கு ஒப்பிட்டுவிட்டு மேலே செல்கிறார்.

அவர்கள் ஏன் அங்கு நின்றனர் என்று அவர் கேட்கவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பு அடிமை முறையை ஒழித்தது 1853-இல். கதை அதற்கு முந்தியது. அங்கே நின்றவர்கள் அடிமைகள் அல்லது அடிமைகளின் மக்கள். அவர்கள் பொறுக்கிச் சென்ற குடல் ஏதோ ஒரு குடிசையில் கழுவப்பட்டு, வெந்து, குழந்தைகளுக்கு உணவாகியிருக்கும். கழுவத் தெரிந்த கையும் பதம் அறிந்த நாவும் இல்லாமல் குடல் உணவாகாது. நம் வீடுகளில் குடலும் ஈரலும் சமைக்கும் தாய்மார்களுக்கு அதனை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவு யாருடையதோ அவர்களையே எச்செவெரியா பேயாக்கினார். கொடுங்கோலனைக் கண்ட கண், பசித்தவளைக் காணவில்லை. படித்த இளைஞன் ஒருவனின் சாவுக்காக எழுந்த நூல், குடல் பொறுக்கிய பெண்ணின் வாழ்வுக்காக ஒரு வரி ஒதுக்கவில்லை. இதனை நூலின் பெருங்குறையென்றே நாம் கொள்கிறோம்.

இப்போது உணவகத்தின் மேசைக்குத் திரும்புவோம். அங்கே அதே அச்சூரா வெள்ளைத் தட்டில், எலுமிச்சைத் துண்டோடு வந்து அமர்ந்திருக்கிறது. எச்செவெரியா அப்பெண்களை அருவருப்போடு எழுதினார். உணவகம் அவர்களை எழுதவே இல்லை. இரண்டில் எது கொடிது என்று நம்மைக் கேட்டால், பின்னதே என்போம். அருவருத்தவர் நூலில் அவர்கள் நின்றுகொண்டேனும் இருக்கின்றனர். போற்றுகிறவர் பட்டியலில் அவர்கள் இல்லை.

அச்சூரா என்ற சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது ஸ்பானியச் சொல்லன்று. ஆண்டிஸ் மலைநாட்டின் கெச்சுவா மொழியில் பங்கிடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர் அகராதியாளர். அறுத்தவுடன் நின்றோர்க்கெல்லாம் பங்காகக் கொடுக்கப்படுவது எதுவோ அது அச்சூரா. அப்படியானால், பொருளின் பெயரிலேயே பங்கு இருக்கிறது. விலைப்பட்டியலில் பெயர் நிலைத்தது. பங்கு மட்டும் விடுபட்டது.

இனி, முதற்பக்கத்துக் கவுச்சோவைப் பார்ப்போம். உணவகத்தின் சுவரிலும் அவரே இருந்தார். வெள்ளிப் பூண் போட்ட கத்தி, வெள்ளிச் சேணம், நிமிர்ந்த தோற்றம். அவர் அருகே 'மார்ட்டின் ஃபியெரோ' காவியத்தின் சில வரிகள் மரப்பலகையில் செதுக்கப்பட்டிருந்தன. ஹோசே எர்னாந்தேஸ் 1872-ஆம் ஆண்டில் முதற்பகுதியையும் 1879-ஆம் ஆண்டில் இரண்டாம் பகுதியையும் வெளியிட்ட அக்காவியத்தைப் படித்தவர்க்கு அந்தச் சித்திரம் வியப்பையே தரும். காவியத்தின் நாயகன் வெள்ளிச் சேணம் பூண்டவனல்லன், எல்லாம் இழந்தவன்.

தொடக்கத்தில் அவனுக்கு வீடும் மனைவி மக்களும் உண்டு. பண்ணையில் வேலை முடிந்தபின் தோலோடு வாட்டிய இறைச்சியை வயிறார உண்ட நாள்களை அவன் நினைவுகூர்கிறான். பின்னர் அவனைப் பிடித்து எல்லைப்புறக் கோட்டைக்குப் படைவேலைக்கு அனுப்புகின்றனர். கூலியில்லை; உடையில்லை; உணவுமில்லை. தப்பி வந்தபோது வீடு பாழாய்க் கிடக்கிறது, குடும்பம் சிதறிவிட்டது. அவன் கொலைகாரனாகவும் தலைமறைவானவனாகவும் ஆகிறான். இது கற்பனை மட்டுமன்று. 1815-ஆம் ஆண்டிலேயே பூனஸ் அயர்ஸ் மாநிலத்தில் ஓர் ஆணை பிறந்தது. நிலமில்லாதவன் எவனும் வேலைக்காரனாகவே கருதப்படுவான்; முதலாளியின் சீட்டு கையில் இல்லாவிட்டால் அவன் நாடோடிக் குற்றவாளி. பொதுவாய்க் கிடந்த புல்வெளிக்கு உடைமையாளர் வந்தனர், கம்பிவேலி வந்தது, அதில் மேய்ந்த மாட்டுக்கும் உடைமையாளர் வந்தனர். நேற்றுவரை பசித்தபோது மாடு பிடித்து உண்டவன் இன்று திருடன் ஆனான். சுவரில் தொங்கும் அம்மனிதர், அச்சுவருக்குள் பரிமாறப்படும் இறைச்சியிலிருந்து துரத்தப்பட்டவர்.

அக்காவியம் சென்ற வழியும் அச்சூராவின் வழியே. முதலில் அது மலிவான தாளில் அச்சிட்ட சிறு நூலாக நாட்டுப்புறக் கடைகளில் விற்றது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டனர். கடைக்காரர் ஒருவர் மொத்த வணிகருக்கு எழுதிய சரக்குப் பட்டியலில் தீப்பெட்டி, மத்தி மீன் டப்பா இவற்றின் நடுவே மார்ட்டின் ஃபியெரோ படிகளும் இருந்தன என்ற செய்தி அந்நாட்டில் பெயர்பெற்றது. கற்றோர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1913-ஆம் ஆண்டில் கவிஞர் லெயோபோல்தோ லுகோனெஸ் தலைநகரின் நாடக அரங்கொன்றில், செல்வரும் ஆட்சியாளரும் கூடிய அவையில் சொற்பொழிவுகள் ஆற்றி, அதனைத் தேசியக் காவியம் என்று நிலைநாட்டினார். நூலின் பெருமை உயர்ந்தது. ஆனால் உண்மைக் கவுச்சோ வேலிக்குள் கூலியாளாகக் கரைந்துபோன பிறகே அப்பெருமை வந்தது. எர்னாந்தேஸே பிற்காலத்தில் பண்ணை உடையவர்களுக்கு வழிகாட்டும் நூலொன்றை எழுதினார் என்பதையும் மறக்கலாகாது. ஏழையின் பாட்டு அவையேறும்போது ஏழை வாசலிலேயே நின்றுவிடுகிறான். பாட்டுக்கும் குடலுக்கும் ஒரே கதி.

நம் மேசையில் இருந்த நண்பர் ஒருவர் இக்கருத்தை மறுத்தார். எறியப்பட்டதை உயர்ந்த உணவாக்குவது குற்றமா? விலங்கின் எப்பகுதியையும் வீணாக்காமல் பயன்கொள்வது அவ்விலங்குக்குச் செய்யும் மரியாதையல்லவா? சமையற்காரர் வரலாற்றாசிரியராக வேண்டுமா? இவை அவர் கேள்விகள். நியாயமான கேள்விகளே. வீணாக்காமை நல்லது, சமையல் வளர்வதும் நல்லது. ஆனால் அந்த உணவகம் தானே வரலாற்றைப் பேச முன்வந்தது. பட்டியலில் மாட்டின் வம்சாவளி இருக்கிறது. சுவரில் கவுச்சோ இருக்கிறார். பலகையில் கவிதை இருக்கிறது. கதை சொல்லத் தொடங்கியவர் பாதிக் கதை சொன்னால், மறுபாதியைக் கேட்கும் உரிமை கேட்பவனுக்கு வந்துவிடுகிறது.

இது முடிந்துபோன பழங்கதையுமன்று. 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது, ரோசாரியோ நகரின் புறத்தே மாடு ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தது. அருகிலிருந்த குடிசைவாசிகள் கத்திகளோடு ஓடிவந்து சாலையிலேயே மாடுகளை அறுத்துப் பங்கிட்டுக்கொண்டனர். உலகிலேயே மாட்டிறைச்சிக்குப் பெயர்பெற்ற நாட்டில் நடந்தது இது. எச்செவெரியாவின் கொலைக்களம் நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் நெடுஞ்சாலையில் எழுந்து நின்றது. 2024-ஆம் ஆண்டின் முதல் அரையாண்டில் அந்நாட்டு மக்களுள் 52.9 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர் என்பது அரசின் புள்ளிவிவரம். பின்னர் அந்த எண் குறைந்தது. ஆயினும் அவ்வாண்டில் ஆளொருவர் உண்ட மாட்டிறைச்சி ஐம்பது கிலோவுக்கும் கீழே இறங்கியது. 1950-களில் அது ஏறத்தாழ அதன் இருமடங்காக இருந்தது. நாம் உணவகத்தை விட்டு வெளியே வந்தபோது, கைவண்டி ஒன்றில் அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் உணவகத்தின் பெட்டிகளையும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். 2001-ஆம் ஆண்டு நெருக்கடி முதல் அந்நகரில் இரவுதோறும் காணும் காட்சி அது. நாமும் எச்செவெரியாவைப் போலவே பார்த்துவிட்டு நடந்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நண்பர் நம்மைப் புறநகரில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். முறைப்படி அறுத்த இறைச்சியை நெடுந்தொலைவு சென்று வாங்கி வந்திருந்தார். வீட்டின் பின்புறம், செங்கல் சுவரோரம் பழைய சட்டம் ஒன்று. வெள்ளிக் கத்தியில்லை, பலகையில் கவிதையில்லை. அதே தணல், அதே கல்லுப்பு. பன்னிரண்டு மணிக்கு மூட்டிய தீயில் மூன்று மணிக்குத்தான் இறைச்சி பதமாயிற்று. விலா எலும்போடு நீளவாட்டில் வெட்டிய துண்டு. புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே சாறு வற்றாமலும் இருந்தது. உப்பன்றி வேறேதும் இல்லாத இறைச்சிக்கு இத்தனைச் சுவை உண்டென்பதை, மசாலைக்குப் பழகிய நம் நாக்கு அன்றுதான் அறிந்தது. சுவையைப் பற்றி எழுத நமக்கு அன்று உரிமை கிடைத்தது. அவ்வுரிமையோடு சொல்கிறோம்: அந்நாட்டார் தம் இறைச்சியைப் பற்றிப் பேசும் பெருமையில் மிகையில்லை.

அச்சூரா முதலில் வெந்தது. குடலும் மொஷேஹாவும் பதமானவுடன் நண்பர் செய்த காரியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு தட்டில் எடுத்து அடுத்த வீட்டு முதியவளுக்கு மகன் கையில் கொடுத்தனுப்பினார். இன்னொரு தட்டு தெருமுனைக் காவற்கூண்டில் இருந்த காவலருக்குச் சென்றது. பிறகே நமக்கு வந்தது. தீயருகே நின்று வாட்டியவர் எல்லோரும் உண்டபின்னரே உண்டார். உண்டவர்கள் அவருக்காகக் கைதட்டுவது அங்கே வழக்கம், நாமும் தட்டினோம். தட்டனுப்பியது ஏன் என்று கேட்டோம். பாட்டனார் காலம் முதல் அப்படித்தான் என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

விளக்கம் நமக்குத் தேவைப்படவுமில்லை. குர்பானி இறைச்சியை மூன்று கூறாக்கி, ஒன்றை வீட்டாருக்கும் ஒன்றை உற்றார்க்கும் ஒன்றை ஏழை எளியோர்க்கும் வழங்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அறுபடும் உயிரை நேரில் காண்பதும், காத்து நிற்பவனுக்குப் பங்கு வைப்பதும் நமக்குப் புதியனவல்ல. ஆனால் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடுதோறும் குளிர்சாதனப் பெட்டி வந்தபின் அந்த மூன்றாம் கூறு சுருங்கவில்லையா? நல்ல துண்டுகள் உள்ளே போய், எலும்பும் சவ்வும் வாசலுக்குப் போவதில்லையா? கேட்டு நிற்பவனின் முகத்தை நம்முள் எத்தனை பேர் பார்த்துக் கொடுக்கிறோம்? பூனஸ் அயர்ஸ் உணவகத்தின்மீது நாம் நீட்டிய விரல் நம் பக்கமும் திரும்புகிறது, திரும்பட்டும்.

முடிவாக நம் மதிப்பீடு இது. எச்செவெரியாவின் நூல் கொலைக்களத்தை மறைக்காமல் காட்டியது. அங்கே நின்ற பெண்ணை மனுஷியாகக் காட்டத் தவறியது. எர்னாந்தேஸின் காவியம் இழந்தவனின் குரலை அவன் மொழியிலேயே கேட்கச் செய்தது. அதனைச் சுவரில் தொங்கவிட்டோர் குரலைக் களைந்து உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். உணவகத்தின் அடுப்புக்கலை குற்றமற்றது. அது சொல்லும் கதை குறையுடையது. அந்தக் கதையை முழுமையாக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பட்டியலில் அச்சூரா என்று அச்சிட்ட இடத்தில் அச்சொல்லின் பொருளையும், அதனைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி உணவாக்கியவர்கள் யார் என்பதையும் இரண்டு வரி எழுதினால் போதும். பொருளைப் படித்தவர்களுள் ஒருவரேனும், வெளியே அட்டை மடிக்கும் பெண்ணுக்கு ஒரு தட்டு அனுப்பச் சொல்லக்கூடும்.